ஹாட் ராடுக்கு வயர் வீல் தாங்குமா?

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய கார்கள்தான். 1995இல் தொடங்கிய ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம். என் காரை ஓரங்கட்டி நிறுத்தினால் வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது எஞ்சினை. அப்புறம் குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கம்பி வீல் இவ்வளவு பெரிய எஞ்சினைத் தாங்குமா?" என்று கேட்பார்கள். எஞ்சினைத் தாங்கும். டயரைத் தாங்குமா, மாட்டியிருக்கிற விதத்தைத் தாங்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இரண்டு விஷயமும் இந்தக் காரை வாங்கிய பிறகு கற்றவை.

கார் 1930 ஃபோர்டு மாடல் ஏ கூப். ஹாட் ராட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பழைய, எடை குறைந்த காரை எடுத்து, தேவையில்லாததைக் கழற்றிப் போட்டு, உள்ளே வேறொரு பெரிய எஞ்சினை இறக்கினால் அது ஹாட் ராட். 1930களில் தெற்கு கலிபோர்னியாப் பையன்கள் ஆரம்பித்து வைத்த பழக்கம். என் காரில் முந்தைய உரிமையாளர் இறக்கியிருந்தது செவர்லே 350, அதாவது 350 கன அங்குல வி8 எஞ்சின். முன்பக்கம் டிஸ்க் பிரேக். நான்கு மூலையிலும் 1935 ஃபோர்டின் 16 அங்குல வயர் வீல், அதன்மேல் ரேடியல் டயர், அதாவது இன்றைய கார்களில் வரும், சாலையை நன்றாகப் பிடிக்கும் வகை. பார்க்க அழகாக இருந்தது. ஐம்பது மைல் வேகத்தைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்கியது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் கம்பெனியில் டூல் மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "எஞ்சின் பக்கமே போகாதே, நாலு வீலையும் கழற்று" என்றார். டயரை பேலன்ஸ் செய்தால் போதும் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன்.

கழற்றியதைச் சொல்வதற்கு முன் ஃபோர்டின் வயர் வீல் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். நமக்கெல்லாம் கம்பி வீல் என்றால் சைக்கிள் வீல்தான். ரிம்மில் நிப்பிள் என்ற குட்டி நட்டு, ஹப்பில் வளைந்த கம்பித்தலை, நடுவில் முறுக்கேற்றிய ஸ்போக்ஸ். அதில் கம்பி இழுவிசையில் மட்டும்தான் வேலை செய்யும். கீழே பளு வரும்போது அந்த இடத்துக் கம்பியின் முறுக்கு குறையும், அவ்வளவுதான். கம்பி அழுத்தத்தைத் தாங்குவதில்லை. முறுக்கு தளர்ந்த கம்பிதான் முதலில் அறுபடும். எம்ஜி, ஜாகுவார் போன்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் வயர் வீலும் இந்த வகைதான்.

ஃபோர்டு போன வழி வேறு. 1928 மாடல் ஏயிலிருந்து 1935 வரை வந்த ஃபோர்டு வயர் வீல்களில் நிப்பிளே கிடையாது. ஒவ்வொரு கம்பியும் ஒரு முனையில் நடுக்கூட்டோடும் மறுமுனையில் ரிம்மோடும் மின்சாரப் பற்றவைப்பில் ஒட்டப்பட்டது. கம்பியும் சைக்கிள் கம்பி மாதிரி மெல்லியது இல்லை, அதைவிட நல்ல தடிமன். அதனால் இழுத்தாலும் அழுத்தினாலும் வளைத்தாலும் அந்தக் கம்பி எதிர்த்து நிற்கும். மாடல் ஏக்கு முதலில் 21 அங்குலம், 1930இல் 19, 1932இல் 18, அப்புறம் 17, கடைசியாக 1935இல் 16 என்று வீல் சிறிதாகிக்கொண்டே வந்தது. 1936இல் ஃபோர்டு கம்பியை விட்டுவிட்டுத் தகட்டு வீலுக்குப் போய்விட்டது. ஹாட் ராட்காரர்களுக்கு அந்தக் கடைசி 16 அங்குல வீல்மேல்தான் கண். 16 அங்குல டயர் எளிதாகக் கிடைக்கும், ஐந்து போல்ட் ஐந்தரை அங்குல வட்டம் என்பதால் பழைய ஃபோர்டு ஹப்புகளில் ஏறும், தோற்றமும் கச்சிதம்.

நிப்பிள் இல்லாததில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. தளர்வதற்கு எதுவும் இல்லை, மாதா மாதம் முறுக்குப் பார்க்க வேண்டாம். ஆனால் கோணினால் சைக்கிள் கடையில் பெண்டு எடுப்பதுபோல நிப்பிளைத் திருகி நேராக்க முடியாது. பிரஸ்ஸில் வைத்து வளைத்துத்தான் நேராக்க வேண்டும். ஒரு கம்பி விட்டுப்போனால் அதன் பங்கு அக்கம்பக்கத்துக் கம்பிகள்மேல் விழும். வெளியே ஒன்றும் தெரியாது. வீலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

சரி, கழற்றியபோது கண்டது.

முன்வீலின் நட்டைத் தளர்த்தியதுமே நடுத்தட்டு லேசாக வெளியே எழும்பியது. பெரியவர் நட்டை மறுபடி கையால் முறுக்கி, வீலுக்கும் ஹப் முகத்துக்கும் நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுக் காட்டினார். போல்ட் வட்டத்தை ஒட்டி நன்றாகவே இடைவெளி இருந்தது. காரணம் இதுதான்: இந்தப் பழைய வயர் வீலின் பின்புறம், போல்ட் வரும் இடத்தில் உள்ளே குழிந்திருக்கும். அது உட்காரவேண்டிய பழைய பிரேக் டிரம்மில் அந்தக் குழியை நிரப்பும் மேடு இருந்தது. பிற்பாடு 1940 முதல் வந்த ஹைட்ராலிக் பிரேக் டிரம்மின் முகம் தட்டை. டிஸ்க் பிரேக் ஹப்பும் அப்படித்தான். அதில் அப்படியே மாட்டினால் வீலின் வெளி விளிம்பு மட்டும் தொடும், போல்ட் வட்டத்துக்குப் பின்னால் காற்றுதான். நட்டை முறுக்க முறுக்க நடுத்தட்டு கிண்ணம்போல உள்ளே இழுபடும். நட்டு இறுகிவிட்டது என்று ரெஞ்ச் சொல்லும். உண்மையில் தகடுதான் வளைந்து கொடுத்திருக்கும். ஓட ஓட அது நெளியும், நட்டு தளரும், கடைசியில் போல்ட் துளையின் ஓரத்தில் விரிசல் விடும்.

இதற்கு நடுவே ஒரு இரும்பு வளையம் போட வேண்டும். ஹாட் ராட் பாகங்கள் விற்கிற எல்லா இடத்திலும் கிடைக்கிற மலிவான சாமான். காரைக் கட்டிய பட்டறை அதைப் போடவில்லை. இந்த வீலைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்க நேரம் இருந்தால் அதைத்தான் கேட்பேன்: வளையம் இருக்கிறதா?

இரண்டாவது கோளாறும் நட்டுப் பக்கம்தான். வீலுக்கு பவுடர் கோட்டிங் அடித்திருந்தார்கள், நட்டு உட்காரும் கூம்புக் குழிவையும் சேர்த்து. பவுடர் கோட்டிங் தடிமனானது. நட்டின் அழுத்தத்தில் அது நசுங்கி நகரும். நகர்ந்த அளவுக்கு இறுக்கம் போய்விடும். ஐந்து நட்டில் மூன்றின் கீழே கோட்டிங் பிதுங்கிச் சுருண்டு கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்தால் ஒரு துளை வட்டமாகவே இல்லை, தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அந்த வீலைத் தனியே எடுத்து வைத்தோம்.

மற்ற மூன்றையும் பெயிண்ட் உரித்து டை பெனிட்ரன்ட் போட்டோம். பெரிய வித்தை இல்லை, மூன்று ஸ்ப்ரே டப்பா. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தை அடித்து, பத்து இருபது நிமிடம் ஊறவிட்டு, துணியால் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பரை அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளைப் பூச்சின்மேல் கசிந்து வரும். துடைக்கும்போது கரைப்பானை நேரே வீலின்மேல் அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைப்பது முக்கியம்; இல்லாவிட்டால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப் போய்விடும். ஒரு பின்வீலில், உள்வரிசைக் கம்பி ஒன்று நடுக்கூட்டைத் தொடும் இடத்தில், பற்றவைப்பின் விளிம்பை ஒட்டி நகநுனி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு மெதுவாக எழுந்தது. பக்கத்துக் கம்பியில் இன்னொன்று, அதைவிடச் சிறியது. வெறும் கண்ணால் அதே இடத்தை டார்ச் அடித்துப் பார்த்திருந்தோம், ஒன்றும் தெரியவில்லை.

விரிசல் ஏன் அங்கே வந்தது என்று யோசித்தபோதுதான் "பெரிய எஞ்சின்" கதைமேல் இருந்த நம்பிக்கை எனக்கு விட்டுப்போனது. கணக்கைப் பாருங்கள். மாடல் ஏயின் சொந்த எஞ்சின் 40 குதிரைத்திறன்தான், ஆனால் டார்க், அதாவது சுழற்றும் விசை, 128 பவுண்ட்-அடி. முதல் கியரின் விகிதம் 3.12, பின் ஆக்ஸிலின் விகிதம் 3.78. பெருக்கினால் சுமார் 1,500. பின்வீல் ஒன்றுக்கு 750. செவர்லே 350க்கு 350 பவுண்ட்-அடி, முதல் கியர் இரண்டரை, ஆக்ஸில் மூன்றரை என்று வைத்தால் வீல் ஒன்றுக்கு 1,500 பவுண்ட்-அடி வரும். இரண்டு மடங்கு. பயமாக இருக்கிறது அல்லவா? ஆனால் பின்வீல் ஒன்றின்மேல் நிற்கும் எடை சுமார் 600 பவுண்ட். டயர் விட்டம் 28 அங்குலம், மெல்லிய பழைய பாணி பயாஸ் டயரின் பிடிமானம் எடையில் 0.7 பங்கு என்று வைத்துக்கொண்டால், சாலை அந்த வீலுக்குத் திருப்பித் தரக்கூடியது ஏறக்குறைய 500 பவுண்ட்-அடிதான். அதற்குமேல் போனால் டயர் வழுக்கும். புறப்படும்போது பின்பக்கம் எடை சாய்வதால் கொஞ்சம் கூடும், ஆனாலும் இரண்டு எஞ்சினும் அந்த எல்லையைத் தாண்டியவைதான். அதாவது 1930இல் வந்த எஞ்சினே முதல் கியரில் வீலுக்கு அதன் உச்சத்தைக் காட்டிவிடும். பெரிய எஞ்சின் கூடுதலாகச் செய்வது புகை. கிளட்சைப் படாரென்று விட்டால் வரும் அடி தனி. அதைச் செய்கிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

வழுக்காத டயரைப் போட்டால்தான் கணக்கு மாறும். பிடிமானம் 1.0 என்றால் 500 என்பது 700 ஆகிறது. ஆனால் இந்த முன்னோக்கித் தள்ளும் பளுவைவிட முக்கியமானது பக்கவாட்டுப் பளு. வளைவில் திரும்பும்போது சாலை டயரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. வீலுக்கு அது 14 அங்குல நெம்புகோலில் வருகிற தள்ளல். அந்த நேரத்தில் கீழே இருக்கும் கம்பிகளில் ஒரு வரிசை இழுபடும், மறு வரிசை அழுந்தும். அரைச் சுற்று போனதும் அதே கம்பி மேலே வந்து, பளு தலைகீழாகும். எஞ்சினின் டார்க் கம்பியில் ஒரே திசையில் நிற்கும். வளைவின் பளு ஒவ்வொரு சுற்றிலும் கம்பியை முன்னும் பின்னும் மடக்குகிறது. 28 அங்குல டயர் மைலுக்கு 720 முறை சுற்றும். பத்தாயிரம் மைலில் எழுபது லட்சத்துக்கும் மேல். எஃகு களைத்துப்போவது இப்படித்தான், அதுவும் பற்றவைப்பின் ஓரத்தில். சூடுபட்டு குணம் மாறிய இடமும் வடிவம் சட்டென்று மாறும் இடமும் அங்கே ஒன்றாகச் சேருகின்றன. எங்கள் சிவப்புக் கோடு சரியாக அங்கேதான் இருந்தது.

அந்தக் காலத்துப் பையன்களின் வயர் வீல் ஏன் தாங்கியது என்பதும் இதிலேயே விளங்கிவிடும். அவர்கள் ஓட்டியது மியூராக், எல் மிராஜ் போன்ற காய்ந்த ஏரிப் படுகைகளில். நேர்க்கோடு, வளைவே கிடையாது. மண் தரை, பிடிமானமும் குறைவு. டிராக் (drag) எனும் குறுந்தூர நேர்க்கோட்டுப் பந்தயத்துக்கென்று கட்டிய நீள வண்டிகளில் முன்னால் மோட்டார் சைக்கிள் மாதிரி மெல்லிய கம்பி வீல் வைத்து, முன் பிரேக்கே இல்லாமல் ஓட்டியவர்களும் உண்டு. அந்த வீலுக்கு எஞ்சினின் டார்க்கும் இல்லை, பிரேக்கின் டார்க்கும் இல்லை, உருண்டால் போதும். நாம் அதே வீலை எடுத்து, டிஸ்க் பிரேக் மாட்டி, பிடித்து நிற்கும் ரேடியலைப் போட்டு, மிச்சிகனின் வசந்தகாலப் பள்ளங்களில் இறக்குகிறோம். பழைய ஹாட் ராட் படங்களைக் காட்டி "அவர்கள் ஓட்டினார்களே" என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

பழைய வீல் வாங்கப் போகிறவர்களுக்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஸ்வாப் மீட் எனும் பழைய பாகச் சந்தையில் பளபளவென்று பெயிண்ட் அடித்த வீலைவிடத் துருப்பிடித்த வீலை வாங்குவேன். துருவில் விரிசல் தெரியும். புதுப் பூச்சு எதை மூடியிருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் குழிகுழியாக அரித்த கம்பியைத் தொடவே மாட்டேன். சாண்ட் பிளாஸ்ட் செய்து குழியை மழுப்பியிருந்தால் கம்பி மெலிந்திருக்கும். கம்பிகளை ஒரு சிறிய ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். வரிசையில் ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அதை மட்டும் உற்றுப் பார்க்க வேண்டும். எல்லாம் நன்றாக ஒலித்தால் வீல் நல்லது என்று அர்த்தமில்லை; எங்கள் விரிசல் விட்ட கம்பியும் நன்றாகவே ஒலித்தது. கம்பியின் அடியிலிருந்து துருநிறப் பொடி கோடாக வழிந்திருந்தால் உள்ளே ஏதோ அசைகிறது என்று பொருள், அப்படியே கீழே வைத்துவிடலாம். ரிம்மின் உட்புறத்தையும், டயர் உட்காரும் ஓரத்தையும் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். போல்ட் துளைகளுக்கு ஒரு புது நட்டைச் சட்டைப்பையில் எடுத்துப் போய் உட்கார வைத்துப் பார்த்தால் தேய்மானம் உடனே தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஹப்பில் மாட்டி டயல் கேஜ் வைத்துச் சுற்றுவது. பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ 1/16 அங்குலத்துக்குள் இருந்தால் எனக்குப் போதும். அதற்குமேல் இருந்தால் இந்த வீல்களையே செய்கிற ஆளிடம் பிரஸ்ஸுக்குக் கொடுப்பேன். விரிசல் விட்ட கம்பியை மேலே ஒரு வெல்டிங் போட்டு மூடித் தருகிறேன் என்று சொல்கிற பட்டறைகள் நிறைய. பழைய பற்றவைப்பின்மேல் புதுச் சூடு கொடுத்தால் விரிசல் அடுத்த மில்லிமீட்டருக்கு இடம் மாறும். கம்பியையே மாற்றித் தருகிற சிறப்புப் பட்டறைகள் இருக்கின்றன, செலவு பிடிக்கும். நான் அந்தப் பின்வீலைச் சரி செய்யவில்லை, வேறு வாங்கினேன்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வயர் வீலுக்குச் சாதாரண எனாமல் பெயிண்டே சிறந்தது, அதுவும் கிரீம் மாதிரி வெளிர் நிறம். துருக்கோடு வந்தால் எட்டியிருந்தே தெரியும். கறுப்பு வீல் அழகுதான், ஆனால் எல்லாவற்றையும் மறைக்கும். குரோம் இன்னும் மோசம்: முலாம் பூசும்போது வலுவான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும், பூசியதும் அடுப்பில் சுட்டு அதை வெளியேற்றாவிட்டால் ஆபத்து. முறுக்கேற்றிய கம்பி வகை வீலில் குரோம் மினுக்கு வேண்டுமென்றால் ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டதாக வாங்குவது மேல். எந்தப் பூச்சாக இருந்தாலும் நட்டு உட்காரும் குழிவும், ஹப்பைத் தொடும் பின்முகமும் வெறும் இரும்பாக இருக்க வேண்டும்.

மாட்டும்போது ஏர் கன்னைக் கையில் எடுக்க வேண்டாம். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் டார்க் ரெஞ்சால் முறுக்கி, முதல் ஐம்பது மைல் ஓட்டியதும் மறுபடி பார்க்க வேண்டும். வளையம் சரியாக உட்கார்ந்திருந்தால் இரண்டாம் முறை ரெஞ்ச் அசையாது. அசைந்தால் கழற்றி என்னவென்று பார்ப்பதுதான் வழி, மேலும் முறுக்குவது அல்ல. டியூபும் அதற்கடியில் ரிம் பட்டையும் கட்டாயம். டயரின் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம், டயர் எந்த வாரம், எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று சொல்லும். இந்த மாதிரி கார்களின் டயர் தேய்வதே இல்லை, வயதாகித்தான் கெடும், அதனால் பட்டன் ஆழத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாதது டயர் விஷயம்தான். நான் ரேடியலைக் கழற்றிவிட்டு 6.00-16 பயாஸ் டயர் போட்டேன். சாலையின் ஒவ்வொரு கோட்டையும் மோப்பம் பிடித்துக்கொண்டு போகும், ஓட்ட அவ்வளவு சுகமில்லை, ஆனால் வளைவில் டயர் முதலில் முனகிவிடும், வீல் பிழைக்கும். பெரியவர் தன் 1932 ரோட்ஸ்டரில் ரேடியல்தான் ஓட்டுகிறார். பழைய வீலில் இல்லை. ரேடியலுக்கென்றே புதிதாகச் செய்து விற்கும், பார்க்க அச்சாக அப்படியே இருக்கும் வயர் வீலில். "பழைய இரும்பைக் காப்பாற்ற நீ கெட்ட டயரில் ஓட்டுகிறாய், நான் புது இரும்பை வாங்கி நல்ல டயரில் ஓட்டுகிறேன்" என்பது அவர் வாதம். மழை பெய்தால் அவர் சொல்வது சரி என்று எனக்கும் படுகிறது. முன்னால் இரண்டு மட்டும் புது வீலுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன். பிரேக்கும் திருப்பமும் அங்கேதான்.